முதல் அறுபத்து மூன்று பேர்

மேல்தும்பையில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று திரை சொன்னது. ரேணுகாதேவி அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், மேல்தும்பையிலிருந்து மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து வந்து ஜமுனாமரத்தூர் அலுவலக வாசலில் வியர்வை வழிய நின்ற ராஜவேலுவிடம் அதைச் சொல்லவும் செய்தாள்.

"உங்க ஊர்ல எல்லாருக்கும் ரத்தம் நல்லா இருக்குதுங்கண்ணா. அதான் யாருக்கும் சேதி அனுப்பல."

ராஜவேலு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முப்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் வழக்கம் அவனுக்கு.

"நல்லா கீதா? என் பொண்டாட்டி செல்லி ஆறு மாசம் முழுவாம கீறா. நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது. நேத்து அடுப்பாண்ட அப்பிடியே சரிஞ்சி உழுந்துட்டா. இதுக்குப் பேரு நல்லா கீதுன்றதா?"

ரேணுகா மறுபடி திரையைப் பார்த்தாள். மேல்தும்பை என்ற பெயருக்கு நேராகப் பூஜ்யம்தான் இருந்தது.

அவள் வேலை பார்த்த இடத்துக்கு மருத்துவ அறக்கட்டளை என்று பெயர் பெரிதாக இருந்தாலும் மொத்தம் இரண்டே அறை. ஒன்றில் மருந்துப் பெட்டிகள், இன்னொன்றில் ரேணுகாவின் மேசை. நர்ஸ் சகுந்தலா ஜீப்பில் மலை ஊர்களுக்குப் போய் ரத்தம் எடுத்துச் சோதிப்பார். பெயர், வயது, ஊர், ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு எல்லாவற்றையும் அங்கேயே ஒரு கையடக்கக் கருவியில் அழுத்திக்கொண்டு வருவார். அந்த ஊர்களில் செல்போன் சிக்னல் கிடையாது. அதனால் இந்த ஏற்பாடு. கருவியை ஒயர் மாட்டி மடிக்கணினியோடு சேர்த்தால், ரேணுகா எழுதிய புரோகிராம் உள்ளே இருப்பதைப் படித்து, மறுபடி யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஊர்வாரியாகப் பட்டியல் போடும். பட்டியலில் பெயர் இருந்தால் அந்த ஊருக்குச் சேதி போகும். இல்லாவிட்டால் போகாது.

போன மாதம் வரை அந்தப் பட்டியல் வருவதற்குள் உயிர் போய்விடும். கருவி பழையது, பாட்டரியும் செத்துவிட்டது. முகாமில் ஜீப் பாட்டரியிலும் இங்கே கரண்டிலும் மாட்டினால்தான் ஓடும். புரோகிராம் அதனிடம் ஒவ்வொரு பைட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைட், ஆறு பைட் வேண்டும். முந்நூறு பேரைப் படிக்க நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கேட்க வேண்டியிருந்தது. ஏழு நிமிஷம் ஆகும். காற்றடிக்கிற மாதம் என்றால் ஏழு நிமிஷத்துக்குள் கரண்ட் போய்விடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் நான்கு தடவை அப்படி ஆனபிறகு ரேணுகா உட்கார்ந்து புரோகிராமை மாற்றினாள். படிக்கிற இடத்தில் ஒரு பஃபர் வைத்தாள். ஒவ்வொன்றாகக் கேட்காமல் ஒரே தடவையில் எட்டாயிரத்துச் சொச்சம் பைட்டை அள்ளி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வேண்டியதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏழு நிமிஷ வேலை ஐந்து விநாடியில் முடிந்தது. சகுந்தலா அன்றைக்கு அவளுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அதே சகுந்தலா பக்கத்து அறையிலிருந்து மருந்துச் சீட்டோடு வந்தார். ராஜவேலு சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"செல்லியா? ஒல்லியா, மூக்குத்தி போட்ட பொண்ணுதானே? கண்ண இழுத்துப் பார்த்தேனே, வெள்ளையா இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு ரேணு. என்ன அளவுன்னுதான் ஞாபகம் இல்ல. முந்நூறு பேருல எப்பிடி ஞாபகம் வெச்சிக்கிறது, பட்டியல்ல வந்துடும்னு விட்டுட்டேன்."

"பட்டியல்ல இல்லீங்க சிஸ்டர்."

"இல்லாம எப்பிடி?"

ரேணுகா பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தாள். பதிலை ராஜவேலு சொன்னான்.

"எப்பிடின்னு நான் சொல்லட்டா? மத்த நாலு ஊருக்கும் சேதி வந்துச்சு. எங்க ஊருக்கு மட்டும் வர்ல. போன தடவையும் வர்ல. இந்தப் பொண்ணு எந்த ஊரு? சீங்காடு. பஸ்ஸ எங்க ஊருக்கு வுடாம சீங்காட்டுலயே திருப்பிக்கினு போவ வெச்சாங்களே, அந்த ஊரு. இவ கையில கம்ப்யூட்டர் இருந்தா எங்க பேரு எப்பிடிங்க வரும்?"

ரேணுகாவுக்கு முகம் சூடேறியது. பஸ் விஷயத்தில் சீங்காட்டார் கொடுத்த மனுவில் அவள் வீட்டாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவளும்தான். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஊரைப் பார்த்து ஆளைத் தள்ளும்படி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் புரோகிராமைத் திறந்து, மேல்தும்பை என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். தன்னையே சந்தேகப்பட்டுத் தேடுகிறோமே என்று அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அந்தச் சொல் எங்கும் இல்லை.

"ரெண்டு மணிக்கு நான் அடுத்த முகாமுக்குக் கெளம்பணும்" என்றார் சகுந்தலா. "கருவில எடமில்ல. பழசெல்லாத்தையும் அழிச்சாத்தான் புதுசு ஏறும். அதுக்குள்ள பாரு."

மணி பதினொன்று ஆகியிருந்தது.

கருவியின் சின்னத் திரையில், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண் மட்டும் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு. ரேணுகா தன் புரோகிராம் எத்தனை பேரைப் படித்தது என்று எண்ணிப் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தொன்பது. இதுவரை அவள் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

அறுபத்து மூன்று பேரைக் காணோம்.

மேல்தும்பையில் சோதனைக்கு வந்தவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர் என்றார் சகுந்தலா. அப்படியானால் மீதி ஐந்து பேர் யார்? ஊர் மேல் கோபம் என்றால் ஐம்பத்தெட்டோடு நின்றிருக்க வேண்டுமே. யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புரோகிராமை ஓடவிட்டாள். இருநூற்று நாற்பத்தொன்பது. ஒயரைக் கழற்றி மாட்டி ஓடவிட்டாள். அதே எண். ஒயர் கோளாறு என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் அல்லவா வர வேண்டும்?

போளூரில் கூடப் படித்த புவனா இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போட்டாள்.

"பஃபர் சின்னதா இருக்கும்டி" என்றாள் புவனா, எதையோ மென்றுகொண்டே. "எட்டாயிரம்லாம் பத்தாது. அறுபத்தஞ்சாயிரம் வெச்சிப் பாரு. எல்லாம் உள்ள வந்துடும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் பட்டது. ரேணுகா எண்ணை மாற்றி ஓடவிட்டாள். கண் இமைப்பதற்குள் முடிந்தது. திரையில் ஒரு பெயர்கூட இல்லை. எல்லா ஊருக்கும் பூஜ்யம்.

"அழிச்சிட்டியா?" என்றான் ராஜவேலு, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

அவளுக்கும் அந்தப் பயம்தான். கருவியைத் திருப்பிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று அது அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள். இவள் புரோகிராமின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். கொள்ளளவைப் பெரிதாக்கினால் அதிகம் பேர் வர வேண்டும். இங்கே எல்லாரும் காணாமல் போகிறார்கள். எல்லாம் தலைகீழாக இருந்தது. தலைகீழாக இருந்தால் தலைகீழாகவே செய்து பார்ப்போம் என்று, ஒரு முரட்டுத்தனத்தில், எண்ணைப் பதினாறாகக் குறைத்தாள். புரோகிராம் ஊர்ந்தது. அரை நிமிஷம் கழித்து முந்நூற்றுப் பதினொன்று என்றது.

ஒரே ஒரு ஆள் குறைவு!

சின்ன பஃபர் ஒரு ஆளை விழுங்குகிறது. நடுத்தரம் அறுபத்து மூன்று பேரை விழுங்குகிறது. பெரியது எல்லா ஊரையுமே விழுங்குகிறது. இவ்வளவு தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை. வேகமாக்குவதற்கென்று வைத்த ஒன்று ஆட்களை எப்படித் தின்னும்? புவனாவிடம் திரும்பக் கேட்கலாமா என்று போனை எடுத்து, கீழே வைத்தாள்.

இன்னொன்றும் உறுத்தியது. வரிசை எண் இல்லாமலோ உடைந்தோ வரும் வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்படி அவளே எழுதி வைத்திருந்தாள். சகுந்தலா அவசரத்தில் தப்பாக அழுத்தும் வரிகளால் பட்டியல் நின்றுவிடக் கூடாதே என்று. அதை எடுத்துவிட்டு, பஃபரைப் பழையபடி எட்டாயிரத்தில் வைத்து, பெயர்களில் முதலாவதாகப் படிக்கிற வரியை அப்படியே திரையில் காட்டச் சொன்னாள். வரி வந்தது. தொடக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதற்குப் பின்னால் 'தையன், 52, சீங்காடு, 11.4' என்று இருந்தது.

சீங்காட்டில் ஐம்பத்திரண்டு வயதில் அப்படிப் பெயர் முடிகிற ஆள் ஒருவர்தான் உண்டு. மாதையன், அவளுடைய சித்தப்பா. அவர் பெயரின் முதல் எழுத்தைப் பாதியில் வெட்டிவிட்டு, அங்கேயிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறது புரோகிராம்.

"பாருங்கண்ணா" என்றாள், ஏதோ ஜெயித்துவிட்டவள் போல. "எங்க சித்தப்பாவும் போயிருக்காரு. அவருக்கு முன்னாடி எங்க ஊர் ஆளுங்க இன்னும் நாலு பேரு போயிருக்காங்க. நான் வேணும்னு பண்ணல."

ராஜவேலு குனிந்து திரையைப் பார்த்தான்.

"உங்க சித்தப்பா பேரு பாதியாவது கீது" என்றான்.

அவள் அந்த வரியை மூடினாள். காரணத்தை அப்புறம் தேடிக்கொள்ளலாம். போன மாதத்துப் பழைய புரோகிராமை அவள் அழித்திருக்கவில்லை. ஏழு நிமிஷம் எடுக்கிற அதே சோம்பேறி. அதை எடுத்து, படிக்கப் படிக்க ஒவ்வொரு பெயரையும் திரையில் எழுதச் சொல்லி ஓடவிட்டாள். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் முகாமின் தேதி வந்தது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று மேல்தும்பை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜீப் எப்போதும் கடைசி ஊருக்கு முதலில் போய்விட்டுத் திரும்புகிற வழியில் மற்ற ஊர்களைப் பார்க்கும். அதனால் மேல்தும்பைதான் எப்போதும் முதல்.

ராஜவேலு ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டான். "ஆமா, எங்க மாமா... இது எதுர் வூட்டு ஆயா... இது அவங்க மருமவ..."

பதினேழாவது வரி வந்தது. செல்லி, 23, மேல்தும்பை, 6.1.

"ஆறு புள்ளி ஒண்ணா?" சகுந்தலாவின் குரல் மாறிவிட்டது. "வயித்துல புள்ளைய வெச்சிக்கினு, பதினொண்ணு இருக்க வேண்டிய எடத்துல ஆறு புள்ளி ஒண்ணா? ரேணு, அந்தக் கருவிய அப்பிடியே வை. அழிக்காத. இன்னிக்கி முகாம் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன். டிரைவர எழுப்பு."

நூற்றெழுபதாவது பெயரில் கரண்ட் போய்விட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மேல்தும்பைப் பெயர்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

ஜீப்பில் ஏறும்போது ராஜவேலு அவளைப் பார்த்து, "நீயும் வா. எல்லாரும் நல்லா கீறாங்கன்னு சொன்னியே, வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றான். அவள் மறுப்புச் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஜீப் குலுங்கிக்கொண்டு போனது. சீங்காட்டைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்து கல் ரோடு தொடங்கியது. ரேணுகாவுக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறதென்றே கண்ணில் படவில்லை. முதல் வரி மட்டும் சரியாக வருகிறது. முகாமின் தேதி எழுதிய தலைப்பு வரி. அதற்குப் பிறகுதான் பள்ளம். தலைப்பை ஒரு பகுதி படிக்கிறது, பெயர்களை இன்னொரு பகுதி படிக்கிறது. போன மாதம் பஃபர் வைத்தபோது எந்தப் பகுதியில் வைத்தோம்? இரண்டிலும் வைத்தாள். இரண்டும் வேகமாக இருக்கட்டும் என்று தனித்தனியாக ஒவ்வொன்று வைத்தாள்.

"ஐயோ" என்றாள் வாய்விட்டு.

முன் சீட்டிலிருந்த சகுந்தலா திரும்பிப் பார்த்தார். "இன்னாச்சு?"

"தெரிஞ்சிடுச்சுங்க சிஸ்டர்."

ராஜவேலுவும் பார்த்தான். அவனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எப்படிச் சொல்வது? இரண்டு தடவை தொடங்கி, நிறுத்தினாள்.

"அண்ணா, இப்போ போளூர்ல ஒரு மளிகைக் கடை. அங்க உங்க ஊருக்குச் சேர வேண்டிய சாமான் வரிசையா கீதுன்னு வெச்சிக்கோங்க. மொத நான் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தடவ பஸ் ஏறிப் போயி வாங்கிட்டு வந்தேன். லேட்டாச்சு. அதனால ஒரே தடவையில ஒரு மூட்டையா கட்டிக்கினு வந்துட்டா நல்லதுன்னு மாத்தினேன்."

"சரி."

"ரெண்டு பேர வேலைக்கு வெச்சிருந்தேன். மொத ஆளு உப்பு மட்டும் வாங்கணும். அவனும் மூட்டையாத்தான் தூக்கிக்கினு வந்தான். உப்ப எடுத்துக் குடுத்துட்டு, வேல முடிஞ்சிதுன்னு மூட்டைய அப்பிடியே போட்டுட்டுப் போய்ட்டான். ரெண்டாவது ஆளு போனா, கடக்காரரு அந்த மூட்டைக்கு அடுத்து இருந்த சாமானத்தான் எடுத்துக் குடுக்கறாரு. மொத மூட்டையில இருந்தது குடுத்தாச்சுன்னு அவரு கணக்கு. ஆனா யார் கையிலயும் இல்ல. மூட்ட எவ்ளோ பெருசோ அவ்ளோ போச்சு. உங்க ஊருதான் எப்பவும் மொதல்ல வருது. அதான் உங்க ஊரு."

ராஜவேலு இரண்டு விரலை மடக்கிப் பார்த்தான்.

"அந்த ரெண்டு பேரும் யாரு?"

"ஆளு இல்லண்ணா. புரோகிராம்ல ரெண்டு பகுதி."

"எழுதனது?"

"நாந்தான்."

"அப்ப மூட்டைய போட்டுட்டுப் போனது நீதான்."

"ஆமாங்கண்ணா" என்றாள் ரேணுகா.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபமா, புரிந்துகொண்டானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

செல்லி வீட்டுச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். உதடு, நகம் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. பாதம் வீங்கியிருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். சகுந்தலா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. நேராகத் திருவண்ணாமலை என்றார். சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். செல்லியை ஜீப்பில் ஏற்றும்போது ஒரு பெண்மணி ரேணுகாவின் கையைப் பிடித்து, "இவ சீங்காட்டுப் பொண்ணுதானே, இவதானே பட்டியல்லருந்து எங்க பேர எடுத்தவ?" என்றாள். ராஜவேலு ஜீப்பிலிருந்தபடியே, "அப்பறம் பேசிக்கலாம் வுடு" என்று சத்தம் போட்டான். அது தனக்காகப் பேசியதா, நேரம் போகிறதே என்று பேசியதா? அதுவும் அவளுக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செல்லிக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் தாங்கியிருக்காது என்று டாக்டர் சகுந்தலாவிடம் சொன்னார். ஒன்பதாம் நாள் செல்லி ஊர் திரும்பினாள். வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேல்தும்பையிலேயே இன்னும் ஆறு பேருக்குச் சேதி போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின முகாமிலும் அதே ஊர்தான் விடுபட்டிருந்தது. அந்தப் பதிவுகள் கருவியிலிருந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. அதனால் சகுந்தலா ஊர் முழுவதையும் மறுபடி சோதித்தார்.

திருத்துவதற்கு ரேணுகாவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு பஃபரை உண்டாக்கி, தலைப்பைப் படிக்கிற பகுதிக்கும் பெயர்களைப் படிக்கிற பகுதிக்கும் அதையே கொடுத்தாள். ஐந்து விநாடியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கருவி காட்டுகிற எண்ணும் தான் படித்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பட்டியலே போடக் கூடாது என்றும் எழுதிச் சேர்த்தாள். உடைந்த வரியை இனிமேல் சத்தம் போட்டுச் சொல்லும்.

அதோடு மனசு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஒரு மத்தியானம் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த சகுந்தலாவிடம் போய் நின்றாள்.

"சிஸ்டர், போன மாசமே மேல்தும்பைக்குப் பூஜ்யம்னு வந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு அடுத்த வேலைய பார்க்கப் போய்ட்டேன்."

"நானுந்தான் பார்த்தேன்."

"சீங்காடு பூஜ்யம்னு வந்திருந்தா? எங்க சித்தப்பா, சித்தி, எங்கம்மா ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லன்னு வந்திருந்தா, எண்ணிப் பார்த்திருக்க மாட்டேனா? புரோகிராம்ல எந்த ஊர் பேரும் இல்ல. அது எனக்குத் தெரியும். எங்கிட்ட இருந்துச்சான்னுதான் தெரியல."

சகுந்தலா ஒரு பெட்டியை மேலே வைத்துவிட்டு, கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"அத நான் எப்பிடி ரேணு சொல்றது? நீதான் பார்க்கணும்."

ரேணுகா தன் மேசைக்குத் திரும்பினாள். அடுத்த முகாமின் கருவி வந்து காத்திருந்தது. ஒயரை மாட்டினாள். இருநூற்று எண்பத்தெட்டு என்றது கருவி. இருநூற்று எண்பத்தெட்டு என்றது புரோகிராம். எண்கள் சரியாக இருந்தும், அவள் பட்டியலை அனுப்பாமல், முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.